ஷாஸ்டா டெய்சி வருடாவருடம் வாங்க வேண்டிய செடியா?

பிப்ரவரி 11: குன்னூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டது

போன மே மாதம் நர்சரியில் பெரிய வெள்ளை டெய்சி வாங்கி நட்டேன். ஒரு மாதம் நன்றாகப் பூத்தது. ஐப்பசி மழை முடிந்து பார்த்தால் நடுப்பகுதி அழுகி, செடி அப்படியே சாய்ந்து கிடக்கிறது. "இது சீசன் பூ, குளிர் தாங்காது, வருடத்துக்கு ஒரு தடவை புதிதாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்" என்கிறார் நர்சரிக்காரர். அப்படியா?

பிப்ரவரி 12

அவர் சொன்ன இரண்டுமே சரியில்லை. ஷாஸ்டா டெய்சி பல்லாண்டுச் செடி. பனி மூடிக் கிடக்கும் நாடுகளில் மேல்பாகம் முழுக்கக் கருகினாலும், மண்ணுக்குள் வேர்க்கட்டு உயிரோடு இருந்து வசந்தத்தில் மறுபடி துளிர்க்கும். மைனஸ் 20 டிகிரி வரை தாங்குகிற செடிக்குக் குன்னூர்க் குளிர் ஒரு பொருட்டே இல்லை.

உங்கள் செடியைக் கொன்றது கழுத்தில் தேங்கிய ஈரம். வேரும் தண்டும் சேருகிற அந்த இடத்தில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றால் பூஞ்சை பிடித்து அழுகிவிடும். குன்னூருக்கும் எங்கள் கோத்தகிரிக்கும் பெரிய மழையே வடகிழக்குப் பருவமழைதான். அக்டோபர், நவம்பரில் விடாமல் கொட்டும். அந்த மழைக்கு முன்னால் செடி எப்படி நடப்பட்டிருந்தது என்பதுதான் அது பிழைக்குமா போகுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

மே மாதம் நட்டேன் என்கிறீர்கள். மலர்க் கண்காட்சி சமயத்தில் நர்சரிகளில் பூத்த நிலையில் விற்பார்கள். அந்தச் செடி வளர்ந்தது பெரும்பாலும் தேங்காய் நார்க்கழிவில். அதை அப்படியே கட்டியாக எடுத்து நம் சிவப்புக் களிமண்ணில் குழி தோண்டி இறக்கினால், சுற்றியுள்ள மண் தண்ணீரை வெளியே விடாது, நடுவிலிருக்கும் நார் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலம் முழுக்க வேர் அதற்குள்தான் ஊறிக்கொண்டிருந்திருக்கும்.

அடுத்த முறை நடும்போது வேர்க்கட்டைக் கையால் உதிர்த்து, நார்க்கழிவில் பாதியையாவது தட்டிவிட்டு நடுங்கள். பாத்தி தரையிலிருந்து ஒரு சாணாவது உயர்ந்திருக்க வேண்டும். நட்ட பிறகு கழுத்து மண்ணோடு சமமாகவோ ஒரு விரல் கனம் மேலேயோ இருக்கட்டும். மண்ணுக்குள் புதைந்தால் போயிற்று.

பிப்ரவரி 12, இரவு

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அழுகிய செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டீர்களா? இன்னும் அங்கேயே இருந்தால் தோண்டிப் பாருங்கள். நடுப்பகுதி போனாலும் ஓரத்தில் வெள்ளை வேரோடு சின்னக் குருத்துகள் இருக்க வாய்ப்புண்டு. இருந்தால் அவற்றை மட்டும் கிள்ளி எடுத்து மணல் கலந்த தொட்டியில் வையுங்கள்.

பிப்ரவரி 20

கொடைக்கானல் அக்கா எழுதியிருக்கிறார்: "எங்கள் ஊரில் இது ரோட்டோரம் தானாக முளைத்துக் கிடக்கிறது, இதைப் போய் யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?"

அக்கா, ரோட்டோரம் நீங்கள் பார்ப்பது வேறு செடி. அது ஆக்ஸ்ஐ டெய்சி. ஐரோப்பாவிலிருந்து வந்து, நீலகிரியிலும் பழனி மலையிலும் தோட்டத்தைத் தாண்டி வெளியே பரவிவிட்ட செடி. பூ நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் போகாது. இலை சிறிது, ஓரம் ஒழுங்கில்லாமல் வெட்டுப்பட்டிருக்கும். விதையாலும் பரவும், மண்ணுக்கடியில் ஓடும் தண்டாலும் பரவும். தயவுசெய்து அதைக் கொண்டுவந்து வீட்டில் நடாதீர்கள். புல்வெளியில் ஒருமுறை இறங்கிவிட்டால் எடுப்பது பெரும்பாடு.

ஷாஸ்டாவின் பூ 8 முதல் 12 சென்டிமீட்டர் அகலம், கிட்டத்தட்ட என் உள்ளங்கை அளவு. இலை கரும்பச்சையாக, தடிப்பாக, பளபளப்பாக, ஓரத்தில் ரம்பப் பல்லோடு இருக்கும். செடி இருக்கிற இடத்திலேயே தூர் கட்டி நிற்கும்.

மூன்றாவதாக ஒன்றும் இந்தக் குழப்பத்தில் சேருகிறது. மார்கரெட் டெய்சி என்று ஊட்டிப் பக்கம் விற்கிறார்களே, கேனரி தீவுகளிலிருந்து வந்தது, அதன் இலை சாமந்தியைவிட மெலிதாகப் பிரிந்து நீலப்பச்சையாக இருக்கும். அடித்தண்டு மரமாகிப் புதராக வளரும். அதைத் தூர் பிரிக்க முடியாது, தண்டு வெட்டித்தான் நட வேண்டும். உறைபனியும் தாங்காது. நர்சரியில் மூன்றுக்கும் "வெள்ளை டெய்சி" என்றே சீட்டு வைத்திருப்பார்கள். இலையைப் பார்த்து வாங்குங்கள்.

மார்ச் 5

விதை போடுவது பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். இப்போது போடலாம். ஷாஸ்டா விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். நம் வழக்கப்படி விதைமேல் ஒரு பிடி மண்ணைத் தூவினால் முளைப்பு பாதியாகக் குறைந்துவிடும். ஈரமான கலவைமேல் தூவி, உள்ளங்கையால் லேசாக அழுத்திவிட்டால் போதும். மேலே கண்ணாடியோ பாலித்தீனோ போட்டு நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். 18 முதல் 21 டிகிரி இருந்தால் இரண்டு, மூன்று வாரத்தில் முளைக்கும். கோத்தகிரியில் மார்ச் மாதப் பகல் சூடு இதற்கு அளந்து வைத்தது.

விதையில் வந்த செடி பெரும்பாலும் முதல் வருடம் இலையைத்தான் கட்டும். இரண்டாம் வருடம்தான் பூவின் முழு அழகு. பொறுமையில்லாதவர்கள் ஸ்னோ லேடி விதை போடலாம். குட்டை ரகம், ஓர் அடிக்கு மேல் போகாது, முதல் வருடமே பூக்கும். 1991இல் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது வாங்கிய ரகம். ஆனால் அது ஒட்டுமொத்தமாகச் சீக்கிரம் தீர்ந்தும் போகிறது. எனக்கு மனம் ஒட்டவில்லை.

மார்ச் 6

ரகங்களைப் பற்றி இன்னும் கொஞ்சம்.

அலாஸ்கா: பழைய, நம்பகமான ரகம். விதையிலேயே ஓரளவு ஒரே மாதிரி வரும். இரண்டு, இரண்டரை அடி. கம்பு கட்ட வேண்டியிருக்கும். முதலில் இதைத்தான் வளர்க்கச் சொல்வேன்.

பெக்கி: மூன்றடி வளர்ந்தாலும் தண்டு விறைப்பாக நிற்கும், வெயிலையும் ஈரச் சூட்டையும் மற்றவற்றைவிட அதிகம் தாங்கும். 2003இல் அமெரிக்கப் பல்லாண்டுத் தாவரச் சங்கம் அந்த ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தான். விதையில் வராது. "பெக்கி விதை" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். தாய்ச்செடியிலிருந்து பிரித்த தூரில்தான் அதே குணம் இருக்கும்.

கிரேசி டெய்சி: அடுக்கிதழ், சுருள் இதழ் என்று ஒவ்வொரு நாற்றிலும் ஒவ்வொரு வடிவம். சிலருக்கு இது பிடிக்கிறது. எனக்கு அந்த மஞ்சள் நடுவும் ஒற்றை வரிசை வெள்ளையும் தெளிவாகத் தெரிந்தால்தான் டெய்சி.

மார்ச் 29

"தேயிலைக்கு நடுவில் வரப்பில் நட்டேன், இலை வெளுத்து நிற்கிறது" என்று எங்கள் பக்கத்து ஊர்த் தம்பி படம் போட்டிருக்கிறார்.

தம்பி, தேயிலைக்குப் பிடித்த மண் டெய்சிக்குப் பிடிக்காது. தேயிலை அமில மண்ணில் செழிக்கும், அமில கார நிலை 4.5 முதல் 5.5 வரை. ஷாஸ்டாவுக்கு 6.5, 7 என்று நடுநிலையை ஒட்டி வேண்டும். தேயிலைக்கு வீசுகிற அம்மோனியம் சல்பேட் மழையில் கரைந்து சரிவில் இறங்கி உங்கள் வரப்புக்குத்தான் வரும். அது மண்ணை இன்னும் புளிக்க வைக்கும்.

வழி இருக்கிறது. தேயிலைக்குக் கவாத்து முடிந்ததும் போடுகிறோமே, அதே டோலமைட் சுண்ணாம்புதான். எங்கள் மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில், நடுவதற்கு ஒரு மாதம் முன்பே கொத்திக் கலந்துவிடுவேன். உங்கள் மண் எப்படியென்று பரிசோதித்துவிட்டு அளவை முடிவு செய்யுங்கள். அப்புறம் பாத்தியைத் தேயிலைக்கு மேல்மட்டத்துக்கு மாற்றுங்கள். கீழ்மட்டத்தில் இருக்கும்வரை எத்தனை சுண்ணாம்பு போட்டாலும் அடுத்த மழையில் உரத் தண்ணீர் இறங்கிவிடும்.

உரத்தில் தாராளம் வேண்டாம். நடும்போது மக்கிய தொழு உரம் ஒரு கூடை, ஒரு பிடி எலும்புத்தூள். அதற்கு மேல் யூரியா, பச்சைச் சாணக் கரைசல் என்று ஊற்றினால் இலை கொழுத்து, தண்டு நீண்டு, முதல் காற்றிலேயே படுத்துவிடும். பூவும் குறையும்.

ஏப்ரல் 17

தோட்டத்தில் முதல் மொட்டுகள் வந்துவிட்டன. இந்த மாதிரி நாளில் இந்தச் செடி உருவான கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஷாஸ்டா டெய்சி இயற்கையில் எந்தக் காட்டிலும் முளைத்ததில்லை. லூதர் பர்பாங்க் என்ற ஒரு மனிதர் உருவாக்கியது. 1849இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர், 1875இல் கலிஃபோர்னியாவின் சாண்டா ரோசாவுக்குக் குடிபெயர்ந்தார். சின்ன வயதில் ஊர் வயல்களில் களையாகக் கிடந்த ஆக்ஸ்ஐ டெய்சிமேல் அவருக்கு ஆசை. விவசாயிகள் திட்டிக்கொண்டே பிடுங்கி எறிகிற பூவில், இன்னும் பெரிதாக, இன்னும் வெள்ளையாக, வழவழப்பான தண்டோடு, குவளையில் வைத்தால் பல நாள் நிற்கிற ஒரு பூ ஒளிந்திருக்கிறது என்று நினைத்தார்.

1884 வாக்கில் வேலையைத் தொடங்கினார். ஆக்ஸ்ஐயோடு இங்கிலாந்துத் தோட்டங்களில் இருந்த பெரிய டெய்சியின் மகரந்தத்தைச் சேர்த்தார். அப்புறம் போர்ச்சுகல் டெய்சியைச் சேர்த்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றுகளை வரிசையாக நட்டு, பிடித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்தார். பூ பெரிதாகிவிட்டது. ஆனால் அவர் நினைத்த வெள்ளை வரவில்லை. கடைசியில் ஜப்பானின் கடலோர டெய்சி ஒன்றின் மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தார். 1901இல் உலகத்துக்கு வெளியிட்டார். வட கலிஃபோர்னியாவில் பனி போர்த்தி நிற்கும் ஷாஸ்டா மலையின் பெயரையே வைத்தார்.

17 வருடம். ஒரு வெள்ளைப் பூவுக்காக. நர்சரிக்காரர் "சீசன் பூ" என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்ததற்கு இதுவும் காரணம். பர்பாங்க் தேடியது நீடித்து நிற்கிற ஒரு தோட்டச் செடியை.

ஏப்ரல் 18

தாவரவியல் படித்த ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "இன்றைய புத்தகங்களில் பெற்றோர் இரண்டு பேர்தானே வருகிறது?" ஆமாம். இப்போது ஷாஸ்டாவின் தாவரவியல் பெயரான லியூகாந்திமம் சூப்பர்பம் என்பதற்குக் கீழே அந்த இங்கிலாந்துத் தோட்ட டெய்சியையும் போர்ச்சுகல் டெய்சியையும் மட்டும்தான் பெற்றோராகக் காட்டுகிறார்கள். நேற்று நான் எழுதியது பர்பாங்க் சொன்ன வரலாறு. இரண்டையும் சேர்த்தே படித்துக்கொள்ளுங்கள்.

மே 14

பூத்துக் குவிந்துவிட்டது. இன்று முழுக்கத் தோட்டத்தில்தான்.

கேட்டவர்களுக்கு: குவளைக்கு எப்போது வெட்டுவது? நாம் ஒரு பூ என்று சொல்வது நூற்றுக்கணக்கான சின்னப் பூக்கள் சேர்ந்த ஒரு கூட்டம். சுற்றியுள்ள ஒவ்வொரு வெள்ளை இதழும் ஒரு பூ, நடுவிலுள்ள ஒவ்வொரு மஞ்சள் புள்ளியும் ஒரு பூ. மஞ்சள் பூக்கள் ஓரத்திலிருந்து உள்நோக்கி வட்டம் வட்டமாக விரியும். வெள்ளை முழுசாக விரிந்து, மஞ்சளில் வெளி வட்டம் மட்டும் மகரந்தம் காட்டும்போது வெட்டினால் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். நடுப்பகுதி முழுக்கப் புசுபுசுவென்று ஆனபின் வெட்டினால் இரண்டு, மூன்று நாளில் இதழ் தொங்கும்.

காலையில் வெயில் ஏறுமுன் வெட்டி, கீழ் இலைகளை உருவி, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நாறும். சும்மாவே இதற்கு நல்ல மணம் கிடையாது. ஆட்டுக்கொட்டகைப் பக்கம் போகிற மாதிரி ஒரு வாடை. ஈயும் வண்டும் தேடி வரும். எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு மல்லிகை, வாசல் குவளைக்கு டெய்சி என்று எல்லை பிரித்தாகிவிட்டது. குழந்தைகள் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஓடுவார்கள்.

வாடிய பூவை உடனே எடுங்கள். பூவின் தலையை மட்டும் கிள்ளினால் மொட்டைக் குச்சிகள் நின்றுகொண்டிருக்கும். கீழே அடுத்த பக்க மொட்டு இருக்கும் கணு வரை வெட்டுங்கள். பக்க மொட்டே இல்லையென்றால் அடியிலுள்ள இலைக்கொத்து வரை போகலாம். விதை கட்ட விட்டால் செடி பூப்பதை நிறுத்திக்கொள்ளும்.

மே 15

கம்பு கட்டுவது: செடி முழங்கால் உயரம் வருமுன்பே செய்துவிட வேண்டும். கவாத்தில் வந்த தேயிலைச் சுள்ளிகளைத் தூரைச் சுற்றிக் குத்திவிட்டால் செடி அதற்குள்ளே வளர்ந்து மறைத்துக்கொள்ளும். சாய்ந்தபின் நிமிர்த்திக் கயிறு போட்டுக் கட்டினால் கட்டிப்போட்ட செடியாகவே தெரியும், அழகு வராது.

ஜூன் 2

கோவையிலிருந்து ஓர் அண்ணன்: "ஊட்டியிலிருந்து மூன்று தொட்டி கொண்டுவந்தேன். இலை நன்றாக இருக்கிறது, பூவே இல்லை."

அண்ணா, கோவை 410 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். சூடு ஒரு காரணம், ஆனால் அது மட்டும் காரணம் இல்லை. ஷாஸ்டா நீண்ட பகலைப் பார்த்துப் பூக்கிற செடி. ஐரோப்பாவில் கோடையில் 16 மணி நேரம் பகல் இருக்கும். நாம் இருக்கும் 11ஆவது அட்சரேகையில் ஜூன் மாதத்தின் மிக நீண்ட பகலே 12 மணி 45 நிமிடம்தான். பல ரகங்களுக்கு அதோடு ஒரு குளிர்காலமும் கடந்தாக வேண்டும். மலையில் டிசம்பர், ஜனவரி இரவுகள் அந்தக் குளிரைக் கொடுக்கின்றன. அதனால்தான் பகல் குறைவாக இருந்தாலும் இங்கே பூத்துவிடுகிறது. சமவெளியில் பகலும் நீளமில்லை, குளிரும் இல்லை. செடி எதற்காகப் பூக்கும்?

கோவைக்கு ஜெர்பெரா வையுங்கள். தென்னாப்பிரிக்கப் பூ, பகல் நீளத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, பூவும் ஷாஸ்டா அளவுக்குப் பெரிது, நிறமும் கிடைக்கும். அரை நிழல் வலை, மணல் கலந்த மண், தொட்டியில் வடிகால். ஜெர்பெராவுக்கும் கழுத்து மண்ணுக்கு மேலே இருந்தாக வேண்டும். இதில் இரண்டும் ஒரே குணம்.

உங்கள் மூன்று தொட்டிகளையும் அடுத்த முறை ஊட்டிக்கு வரும்போது யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். இங்கே பிழைத்துக்கொள்ளும்.

ஜூன் 3

பெங்களூர் அக்காவுக்கு: 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறீர்கள். பெக்கி கிடைத்தால் கிழக்குப் பார்த்த பால்கனியில் வைத்துப் பாருங்கள். கோடைப் பகல் வெயிலை மட்டும் மறைக்க வேண்டும். இங்கேபோலக் கொத்தாகப் பூக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஏற்காட்டுக்காரர்கள் தைரியமாக நடலாம். 1,500 மீட்டரும் இரவுக் குளிரும் போதும்.

ஜூலை 24

இந்த இழையில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுதான். தூர் பிரிப்பது.

ஷாஸ்டாவை நட்டு அப்படியே விட்டால் மூன்று, நான்கு வருடத்தில் நடுப்பகுதி கட்டையாகிச் செத்துவிடும். வெளிவட்டம் மட்டும் பச்சையாக நிற்கும். நடுவில் பள்ளம் விழும், பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கும், அழுகல் தொடங்கும். "குறுகிய ஆயுள் செடி" என்று புத்தகத்தில் எழுதுவது இப்படி விடப்பட்ட செடியைப் பார்த்துத்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரித்து நட்டால் அதற்கு முடிவே கிடையாது.

எங்கள் வாசலில் நிற்பது என் மாமியார் வைத்த செடி. குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவின் தோட்டக்காரர் அவருக்குக் கொடுத்த ஒரு கொத்திலிருந்து வந்தது. அவர் மலையேறி வந்த காலத்திலிருந்து பிரித்துப் பிரித்து நட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அவர் இப்போது இல்லை. செடி அதே செடி. விதையில் வந்த வாரிசு என்று சொல்ல முடியாது, அவர் கையில் பிடித்த அதே உடம்பு. ஒவ்வொரு தடவையும் மண்ணிலிருந்து அதைத் தூக்கும்போது எனக்கு இது நினைவுக்கு வருகிறது, சொல்லாமல் விட மனமில்லை.

எப்போது பிரிப்பது? கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் ஜூலை கடைசியும் ஆகஸ்டும். பெரிய பூப்பு முடிந்திருக்கும். தென்மேற்குப் பருவம் இந்தப் பக்கம் சாரலாக மட்டும் விழும். இரண்டு மாதம் வேர் ஓடினால் ஐப்பசி மழையை எதிர்கொள்ளத் தயாராகிவிடும். ஊட்டிக்கு மேற்கே இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே தென்மேற்கு மழைதான் பலமாக அடிக்கும். அது ஓய்ந்து செப்டம்பரில் பிரியுங்கள். சேரங்கோடு, தேவாலாப் பக்கம் மழை மிக அதிகம், உயரமும் குறைவு. அங்கே தரையில் வைக்காமல் தாழ்வாரத்தில் தொட்டியில் வைப்பதே மேல்.

பிரிப்பதற்கு முதல் நாள் தண்ணீர் விடுங்கள். தண்டுகளையெல்லாம் அடி இலைக்கொத்து வரை வெட்டிவிடுங்கள். தூரைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியை இறக்கி, முழுக்கட்டாக வெளியே தூக்குங்கள். மண்ணைத் தட்டிப் பார்த்தால் எது உயிர், எது கட்டை என்று கண்ணுக்கே தெரியும். வெளிப்பக்கத்தில் வெள்ளை வேரும் நாலைந்து குருத்தும் உள்ள கொத்துகளைக் கையால் பிய்த்தெடுங்கள். பிய்க்க வராத இடத்தில் கத்தி போடலாம். நடுவிலுள்ள பழுப்புக் கட்டை வேண்டாம், இரக்கப்பட்டு மறுபடி நடாதீர்கள்.

ஒன்றரை அடி இடைவெளி. முன்பு இருந்த அதே ஆழம். நாலைந்து நாள் மேலே பாக்கு மட்டையோ சாக்கோ நிழல் கொடுங்கள். அதற்குள் மொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள். முதலில் வேர் பிடிக்கட்டும்.

ஜூலை 25

இடைவெளியைப் பற்றி இன்னொரு யோசனை. மூடுபனி அதிகம் இறங்கும் மேட்டு ஊர்களுக்கு இரண்டடி கொடுத்துவிடுங்கள். முதல் வருடம் பாத்தி வெறிச்சென்று தெரியும். ஆனால் இலைக்கு நடுவே காற்று ஓடினால்தான் புள்ளி நோய் பிடிக்காது. அந்த இடைவெளியில் பான்சியோ அலிசமோ போட்டுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 11

நோய், பூச்சி.

நத்தை முதல் எதிரி. ஓடு உள்ளதும் இல்லாததும். புதிதாகப் பிரித்து நட்ட குருத்தை ஒரே இரவில் மழித்துவிடும். சாம்பல் வட்டம் போடுவது காய்ந்திருக்கும்வரைதான் வேலை செய்யும், இங்கே எது காய்ந்திருக்கிறது? இரவு எட்டு மணிக்கு டார்ச்சோடு போய்ப் பொறுக்கி உப்புத் தண்ணீர் டப்பாவில் போடுவதைத் தவிர எனக்கு வேறு எதிலும் நம்பிக்கை வரவில்லை.

மொட்டுக் காம்பில் கறுப்பாக அசுவினி அப்பும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும். மிச்சத்துக்கு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல். இலையில் வெள்ளைக் கோடு கோடாக ஓடினால் இலைத்துளைப்பான், அந்த இலையைக் கிள்ளி எரியுங்கள். சாமந்திக்கு வரும் அதே பூச்சி. சாமந்தியையும் டெய்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் இருப்பது நல்லது.

இலை நரம்புகளுக்கு நடுவே ஆப்பு வடிவத்தில் பழுப்பாகி, கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போனால் அது இலை நூற்புழு. தண்ணீர் தெறித்துப் பரவும். மருந்தைத் தேடாமல் செடியை எடுத்துவிடுங்கள். அந்தத் தூரைப் பிரித்து யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று நம் மாவட்டத்துக்கே உரியது. பழைய உருளைக்கிழங்கு பாத்தியில் டெய்சி வைக்காதீர்கள். வெர்டிசிலியம் வாடல் பூஞ்சை உருளைக்கும் வரும், இதற்கும் வரும். மண்ணில் பல வருடம் உயிரோடு இருக்கும். ஈரம் இருந்தும் ஒரு பக்கம் மட்டும் வாடினால் சந்தேகப்படுங்கள்.

செப்டம்பர் 6

நேற்று இரவு காட்டெருமை வந்து போயிருக்கிறது. வேலியோரம் இரண்டு தூர் குளம்பில் நசுங்கிவிட்டது. டேலியாவை மேய்ந்துவிட்டு டெய்சியை மிதித்ததோடு விட்டிருக்கிறது. நசுங்கிய இலையை வெட்டிவிட்டு மண்ணை மறுபடி அணைத்தேன். குருத்து மண்ணோடு ஒட்டி இருப்பதால் திரும்பி வந்துவிடும். தேயிலைக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு காட்டெருமையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அது இந்தச் செடிக்கும் எனக்கும் முன்பே இங்கே இருந்தது.

நவம்பர் 21

குன்னூர் வாசகர் எழுதியிருக்கிறார். பிப்ரவரியில் ஓரக் குருத்து மூன்று கிடைத்ததாம். தொட்டியில் வளர்த்து ஆகஸ்டில் மேட்டுப்பாத்தியில் வைத்தாராம். இந்த மழையை மூன்றும் தாண்டிவிட்டன. படத்தில் இலை கரும்பச்சையாக மின்னுகிறது. இந்த வருடம் கேட்ட நல்ல செய்திகளில் இதற்கு என்னிடம் தனி இடம் உண்டு.

அவர் மூடாக்கு பற்றியும் கேட்டிருக்கிறார். வெயில் காலத்தில் காய்ந்த இலையைப் போட்டு மூடுங்கள் என்று பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மழைக்காலத்தில் அதைக் கழுத்திலிருந்து ஒரு சாண் தள்ளி இழுத்துவிட வேண்டும். ஈர இலை கழுத்தில் ஒட்டிக் கிடந்தால் நத்தைக்கும் பூஞ்சைக்கும் நாமே வீடு கட்டிக் கொடுத்த கணக்கு. அந்த இடத்தில் கழுவிய ஜல்லியை ஒரு பிடி போட்டுவையுங்கள்.

ஜனவரி 9

தலைகுந்தாவில் உறைபனி விழுந்து இலையெல்லாம் கறுத்துவிட்டது என்று ஒரு தம்பி பதறி எழுதியிருக்கிறார். வெட்ட வேண்டாம். கறுத்த இலை இப்போது குருத்துக்குப் போர்வை. பிப்ரவரி நடுவில் பனி நின்றபின் அடியிலிருந்து புதுப் பச்சை தெரியும். அப்போது பழையதை வெட்டினால் போதும். காலையில் பனிமேல் வெந்நீர் ஊற்றுகிறேன் என்றும் சொல்கிறார், அதைச் செய்யவே கூடாது.

கொடைக்கானல் அக்கா எங்கள் செடியில் ஒரு கொத்து கேட்டிருக்கிறார். தாராளமாக. உறவுக்காரர் ஒருவர் மாசி மாதம் வத்தலகுண்டு வழியாகப் போகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வேரைக் கழுவி, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, இலைப்பக்கம் திறந்திருக்க பாலித்தீனில் வைத்தால் இரண்டு நாள் பயணம் தாங்கும். அக்கா, கைக்கு வந்ததும் ஒரு மணி நேரம் நிழலில் வேரைத் தண்ணீரில் நனைத்துவிட்டு, அன்றே தொட்டியில் வையுங்கள். ஆக்ஸ்ஐ முளைத்துக் கிடக்கிற ரோட்டுப் பக்க மண்ணை மட்டும் தொட்டிக்கு எடுக்காதீர்கள், விதை நிறைய இருக்கும்.